மூட்டைக்குள் கையை விட்டுப் பார்: வெடியுப்பின் சுத்தத்தைக் கண்டுபிடித்த விதம்

15-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பீரங்கிக்காரர்களுக்காக எழுதப்பட்ட ஒரு கையேடு, வெனிஸ் வணிகர்களிடம் வெடியுப்பு வாங்கப் போகிறவருக்கு ஒரு யோசனை சொல்கிறது. மூட்டைக்குள் கையை விட்டுப் பார். கை ஈரமாகத் திரும்பி வந்தால் சரக்கு மோசம். காய்ந்தே வந்தால் நல்ல சரக்கு. அவ்வளவுதான் சோதனை. தராசும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம்.

படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது, சந்தையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று. ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் நல்ல வேதியியல் இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் வெடியுப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நாட்டு மருந்துக் கடையில் பொட்டிலுப்பு என்றும் சொல்வார்கள். இன்றைய வேதியியலில் இதன் பெயர் பொட்டாசியம் நைட்ரேட். தானாக எரியாது, ஆனால் சூடேறும்போது தன்னிடம் இருக்கும் ஆக்சிஜனைப் பக்கத்தில் இருக்கும் எரிபொருளுக்குக் கொடுத்துவிடும். அதனால்தான் காற்றே புகாத பீரங்கிக் குழாய்க்குள்ளும் கரியும் கந்தகமும் ஒரு நொடியில் எரிந்து முடிகின்றன. இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிலைபெற்ற கலவையில் நூறு பங்கு வெடிமருந்துக்கு வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. முக்கால் பாகம் இந்த உப்புதான் என்பதால், உப்பு கெட்டால் மருந்தே கெட்டது என்று அர்த்தம்.

அது கெடுவதற்கு நிறைய வாய்ப்பு இருந்தது. ஏனென்றால் இது வந்த இடம் அப்படி. ஐரோப்பாவில் குதிரை லாயத்துத் தரை, புறாக்கூட்டு எச்சம், பழைய சுவர்களின் அடி மண், மூத்திரம் ஊறிய நிலம் ஆகியவற்றைத் தோண்டித்தான் வெடியுப்பு எடுத்தார்கள். சாணத்திலும் சிறுநீரிலும் இருக்கும் நைட்ரஜனை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றிவிடும். அந்த நுண்ணுயிர்களைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாது. மண் 'பழுக்கிறது' என்று மட்டும் தெரியும். 1561-இல் கெரார்டு ஹோன்ரிக் என்ற ஜெர்மானியர், வெடியுப்பை வளர்க்கும் ரகசியத்தைச் சொல்லித் தருகிறேன் என்று எலிசபெத் அரசியின் அரசாங்கத்திடம் 300 பவுன் விலை பேசினார். 1626-இல் முதலாம் சார்லஸ் மன்னர் ஒருபடி மேலே போய், குடிமக்கள் தங்கள் சிறுநீரையும் கால்நடைகளின் சிறுநீரையும் சேர்த்து வைத்துக் கொடுக்க வேண்டும் என்றே ஆணை போட்டார்.

இப்படிப்பட்ட மண்ணை நீரில் ஊறவைத்து வடித்தால் வருவது வெடியுப்புக் கரைசல் மட்டும் இல்லை. சிறுநீரிலிருந்து வந்த கறியுப்பு இருக்கும், சுண்ணாம்போடு சேர்ந்த நைட்ரேட், மெக்னீசியத்தோடு சேர்ந்த நைட்ரேட், கொழுப்பு, சேறு எல்லாமும் கூடவே இருக்கும். சுண்ணாம்பைப் பிரிக்க மரச்சாம்பல் சேர்த்தார்கள். சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் கார்பனேட், சுண்ணாம்பை வெள்ளைப் படிவாகக் கீழே தள்ளிவிட்டு அதன் இடத்தில் பொட்டாசியத்தை வைத்துவிடும். சிரியாவைச் சேர்ந்த ஹசன் அல்-ரம்மா 13-ஆம் நூற்றாண்டிலேயே சாம்பலைக் கொண்டு சுத்தப்படுத்தும் முறையை எழுதி வைத்திருக்கிறார்.

கறியுப்பைப் பிரிக்கும் வழி இன்னும் அழகானது. அதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் சோதனைகளில் பாதி புரிந்துவிடும். கொதிக்கும் நீர் 100 கிராமில் ஏறத்தாழ 246 கிராம் வெடியுப்பு கரையும். அதே நீர் 20 டிகிரிக்கு ஆறிவிட்டால் 32 கிராம்தான் தாங்கும். மீதி இருநூற்றுச் சொச்சம் கிராமும் படிகமாக வெளியே வந்தாக வேண்டும். கறியுப்போ வேறு குணம். கொதிக்கும் நீரில் 39 கிராம், ஆறிய நீரில் 36. சூடோ குளிரோ, அதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆகவே கரைசலைக் காய்ச்சிக் காய்ச்சிச் சுண்டவிட்டால் கறியுப்பு முதலில் கொப்பரையின் அடியில் சேரும். அதை ஓட்டைக் கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தை ஆறவிட்டால் வெடியுப்பு ஊசி ஊசியாக இறங்கும். இங்கிலாந்தின் ராயல் சொசைட்டிக்காகத் தாமஸ் ஹென்ஷா எழுதி 1667-இல் அச்சான விவரிப்பில் இந்த வேலை முழுக்க வருகிறது.

கரைசல் எப்போது இறக்கும் பக்குவத்துக்கு வந்தது என்று எப்படித் தெரியும்? அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு சொட்டு எடுத்துக் குளிர்ந்த உலோகத் தட்டில் விடுவார்கள். உடனே உறைந்தால் பதம் வந்துவிட்டது. தண்ணீராகவே ஓடினால் இன்னும் கொதிக்க வேண்டும்.

சரி, இவ்வளவு செய்தும் கொஞ்சம் அழுக்கு ஒட்டிக்கொண்டுதான் வரும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று நாம் 'சுத்தமான பொட்டாசியம் நைட்ரேட்' என்றால் அதற்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. பொட்டாசியம் என்ற தனிமத்தை ஹம்ஃப்ரி டேவி பிரித்தெடுத்தது 1807-இல்தான். அதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த உப்பைச் சோதித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, எது இருக்க வேண்டும் என்று சொல்ல ஒரு வாய்பாடும் கிடையாது. நல்ல வெடியுப்பு எப்படி *நடந்துகொள்ளும்* என்று மட்டும்தான் தெரியும். எனவே அவர்கள் உப்பிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு குறிப்பிட்ட அழுக்கைத்தான் பிடிக்கும். எல்லாவற்றையும் பிடிக்கும் ஒரே சோதனை என்று எதுவும் அவர்களிடம் இல்லை.

இப்போது அந்த மூட்டைக்குத் திரும்பலாம். மழைக்காலத்தில் வீட்டில் கல்லுப்பு ஜாடி நீர்த்துப்போய் அடியில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கறியுப்பை மட்டும் குறை சொல்ல முடியாது. அதோடு ஒட்டியிருக்கும் மெக்னீசியம் உப்புகள்தான் காற்றிலிருந்து ஈரத்தை முதலில் இழுக்கின்றன. வெடியுப்பு விஷயத்திலும் இதே கதை. சுத்தமான பொட்டாசியம் நைட்ரேட், காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்க்கத் தொடங்கும். கறியுப்பு 75 சதவீதத்திலேயே தொடங்கிவிடும். சுண்ணாம்பு நைட்ரேட்டுக்கு 50 சதவீதம் போதும். ஆக, கையில் ஈரம் ஒட்டினால், சாம்பல் போட்டுச் சுத்தம் செய்யும் வேலையை யாரோ ஒழுங்காகச் செய்யவில்லை என்று பொருள். கப்பலில் மாதக்கணக்கில் கிடக்கப்போகும் வெடிமருந்துக்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறு இல்லை. நனைந்த மருந்து சுடாது.

அடுத்த கருவி நாக்கு. மண்ணைத் தோண்டுகிறவர்கள் முதலில் ஒரு சிட்டிகை மண்ணை வாயில் போட்டுத்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். லாயத்துத் தரையின் மண்ணை என்று நினைவிருக்கட்டும். நல்ல வெடியுப்பு நாக்கில் சுருக்கென்று கடிக்கும், கூடவே ஜில்லென்றும் இருக்கும். கறியுப்பு வெறுமனே கரிக்கும். அந்த ஜில்லிப்பு வெறும் பிரமை இல்லை. வெடியுப்பு நீரில் கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கறியுப்பும் இழுக்கும்தான், ஆனால் கணக்கில் எடுக்க வேண்டாத அளவு. அக்பரின் அரண்மனையில் குடிநீர்க் கூஜாவை வெடியுப்புக் கரைசலுக்குள் வைத்துச் சுழற்றிக் குளிர வைத்தார்கள் என்று அபுல் ஃபசல் 'ஐன்-இ-அக்பரி'யில் எழுதியிருக்கிறார். துப்பாக்கியில் சூட்டைக் கிளப்பும் அதே பொருள் இங்கே குளிர்ச்சி தருகிறது என்று அவரே வியக்கிறார்.

ஆனாலும் மிகப் பரவலான சோதனை நெருப்புதான். ஒரு மரப்பலகை மேல் கொஞ்சம் வெடியுப்பை வைத்து, அதன் மேல் ஒரு துண்டு நெருப்புக் கங்கை வைப்பார்கள். பிறகு காதும் கண்ணும்தான் வேலை செய்யும். படபடவென்று சத்தம் வந்தால் கறியுப்பு கலந்திருக்கிறது. நுரைத்துப் பொங்கினால் கொழுப்பு போகவில்லை. சீறிக்கொண்டு பளிச்சென்று எரிந்து, பலகையில் பெரிதாக எதையும் விட்டுவைக்காமல் போனால் நல்ல சரக்கு. அழுக்கான மிச்சம் தங்கினால் மண் கலந்தது.

அந்தப் படபட சத்தத்தை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். திருஷ்டி சுற்றி உப்பையும் மிளகாயையும் அடுப்பில் போடும்போது உப்பு பொரிந்து வெடிக்குமே, அதே சத்தம். கறியுப்புப் படிகம் உருவாகும்போது துளித்துளியாக உப்புநீரை உள்ளே சிறைபிடித்து வைத்துக்கொள்ளும். திடீரென்று சூடேறினால் அந்த நீர் ஆவியாகிப் படிகத்தைப் பிளந்துகொண்டு வெளியேறும். எவ்வளவு சத்தமோ அவ்வளவு திருஷ்டி என்பார் எங்கள் பாட்டி. பீரங்கிக்காரருக்கோ எவ்வளவு சத்தமோ அவ்வளவு கலப்படம்.

இந்தச் சோதனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. மிச்சம் தங்கினால் அழுக்கு என்கிறார்களே, அது உண்மையா? 17-ஆம் நூற்றாண்டின் மிகச் சுவையான வேதியியல் சண்டை ஒன்று இதில்தான் வந்தது. ராபர்ட் பாயில் 1661-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், வெடியுப்பை மூசையில், அதாவது பொன் உருக்கும் சிறு கிண்ணத்தில், உருக்கி, அதில் எரியும் கரித்துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். சீற்றம் அடங்கும்வரை போட்டார். கடைசியில் மூசையில் ஒரு வெள்ளை உப்பு தங்கியது. அது கங்கில் எரியாது, அல்கலி என்கிற காரத்தின் சுவை. பிறகு அதன் மேல் வெடியுப்புத் திராவகத்தை, அதாவது நாம் நைட்ரிக் அமிலம் என்று சொல்வதை, நுரை அடங்கும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு ஆவியாக வைத்தார். பழையபடி வெடியுப்புப் படிகங்கள் வந்துவிட்டன. வடிவம் அதே, கங்கில் போட்டால் அதே சீற்றம்.

பாயில் சொன்னது இது: வெடியுப்பு இரண்டு பாகங்களால் ஆனது. ஒன்று பறந்துபோகும், ஒன்று தங்கும். பிரித்துவிட்டு மறுபடி சேர்க்கவும் முடியும். இந்தக் கட்டுரை லண்டனிலிருந்து ஹென்றி ஓல்டன்பர்க் மூலமாக நெதர்லாந்தில் இருந்த தத்துவவாதி ஸ்பினோசாவின் கைக்குப் போனது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வெடியுப்பும் அதன் திராவகமும் அடிப்படையில் ஒன்றுதான், மூசையில் தங்கிய அந்த உப்பு வெடியுப்பில் ஒட்டியிருந்த *அழுக்கு* மட்டுமே என்று பதில் எழுதினார். தானே சில சோதனைகளும் செய்து பார்த்தார்.

பலகைச் சோதனை செய்த பீரங்கிக்காரரும் ஸ்பினோசாவும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். எரிந்த பின் தங்குவதெல்லாம் அழுக்கு என்பது இருவரின் எண்ணமும். இதில் பாயில்தான் சரி. எவ்வளவு சுத்தமான வெடியுப்பைக் கரியோடு எரித்தாலும் பொட்டாசியம் கார்பனேட் தங்கத்தான் செய்யும். பொட்டாசியம் எங்கேயும் ஓடிப்போகாது. மிச்சமே இல்லாத வெடியுப்பு வேண்டும் என்று கேட்பது, சாம்பலே வராத விறகு வேண்டும் என்று கேட்கிற மாதிரி. அனுபவமுள்ள சோதனையாளர் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்திருக்க மாட்டார், எந்த நிறத்தில், எவ்வளவு என்றுதான் பார்த்திருப்பார். ஒரு பொருளில் எது அதன் பாகம், எது அதில் ஒட்டிய அழுக்கு என்று பிரிக்கத் தெரியாமல் சுத்தம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. அந்த வேறுபாட்டைக் கையில் பிடித்துக் காட்டியது பாயிலின் மூசைதான் என்பது என் எண்ணம். எரித்ததைத் திரும்பச் சேர்த்துக் காட்டியவரிடம் வேறென்ன வாதம் செய்ய முடியும்?

படிகத்தின் வடிவமும் ஒரு சாட்சி. வெடியுப்பு நீண்ட ஆறுபக்கத் தூண்களாக வளரும், கறியுப்பு சின்னச் சின்னக் கனசதுரங்களாக. இத்தாலியின் போலோனியா நகரில் டொமினிகோ குல்யெல்மினி 1688-இல் எழுதிய நூலில் ஒவ்வொரு உப்புக்கும் தனக்கென்று மாறாத வடிவம் உண்டு என்றார். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஒரு சிட்டிகையைப் பார்த்தால் ஊசிகளுக்கு நடுவே கட்டங்கள் தெரிந்துவிடும்.

இதைவிட நுட்பமானது வெள்ளிச் சோதனை. வெள்ளியை வெடியுப்புத் திராவகத்தில் கரைத்து, அந்தத் தெளிந்த கரைசலில் ஒரு சொட்டைச் சோதிக்க வேண்டிய உப்புநீரில் விட்டால், துளி கறியுப்பு இருந்தாலும் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகக் கலங்கும். தங்கத்தையும் வெள்ளியையும் பிரிக்கும் உலோகச் சோதனையாளர்களுக்கு இது தொழில் ரகசியம் மாதிரி. 1574-இல் பிராக் நகரில் நூல் வெளியிட்ட லாசரஸ் எர்க்கர் அந்தத் தொழில்காரர்தான். அவர்களுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. வெடியுப்புத் திராவகம் வெள்ளியைக் கரைக்கும், தங்கத்தைத் தொடாது. ஆனால் திராவகம் காய்ச்சிய வெடியுப்பில் கறியுப்பு கலந்திருந்தால், திராவகம் பாதி ராஜ திராவகமாகிவிடும். வெள்ளி கரையாமல் வெள்ளைப் படிவாக மாறும், போதாக்குறைக்குத் தங்கமும் கொஞ்சம் கரையத் தொடங்கும். இரண்டும் நஷ்டம். அதனால் புதிதாகக் காய்ச்சிய திராவகத்தில் முதலில் கொஞ்சம் வெள்ளியைப் போட்டுப் பார்ப்பார்கள். கலங்கல் அடியில் உட்கார்ந்ததும் மேலே தெளிந்த பாகத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். வெடியுப்பின் அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் கரைசலே வெடியுப்பிலிருந்து பிறந்ததுதான்.

இதுவரை பார்த்ததெல்லாம் 'இருக்கிறதா, இல்லையா' என்ற கேள்விகள். வியாபாரம் பெருகியதும் 'நூற்றுக்கு எவ்வளவு' என்று கேட்க வேண்டி வந்தது. பெரிய அளவில் வியாபாரம் நடந்த இடம் பீகார். பாட்னாவைச் சுற்றியிருந்த ஊர்களில் நூனியா என்ற சமூகத்தினர் மழை ஓய்ந்த மாதங்களில் மண்ணைச் சுரண்டி, வடித்து, காய்ச்சி வெடியுப்பு எடுத்தார்கள். மறுபடி சுத்தம் செய்த நல்ல சரக்குக்குக் கல்மி ஷோரா என்று பெயர். கங்கை வழியாகப் படகில் இறங்கிய இந்த மூட்டைகளுக்கு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் போட்டி போட்டார்கள். 1693-இல் புதுப்பிக்கப்பட்ட சாசனத்தின்படி கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டுக்கு 500 டன் வெடியுப்பை இங்கிலாந்து அரசுக்குக் கொடுத்தாக வேண்டும். பிளாசிப் போர் முடிந்த மறு ஆண்டு, 1758-இல், பீகார் வெடியுப்பு முழுவதும் கம்பெனியின் ஏகபோகமானது.

இவ்வளவு சரக்கு கைமாறும்போது கறியுப்புக்கும் வெடியுப்பு விலை கொடுக்க யாருக்கு மனசு வரும்? எடையிலிருந்து அழுக்குக்காகக் கழிக்கும் பங்குக்கு ஆங்கில வணிகத்தில் 'ரிஃப்ராக்‌ஷன்' என்று பெயர். ஒளி வளைவதைக் குறிக்கும் அதே சொல்தான், ஆனால் இங்கே ஒளிக்கு வேலையில்லை. லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்கு உடைத்தல் என்று பொருள். வெடியுப்பை உருக்கி, வில்லையாக வார்த்து, ஆறவிட்டு, உடைத்துப் பார்ப்பார்கள். சுத்தமானதாக இருந்தால் உடைந்த முகத்தில் இழைகள் நடுவிலிருந்து விளிம்புவரை கதிர்போல் நீண்டு தெரியும். கறியுப்பு கூடக் கூட இழைகள் குட்டையாகி, நடுப்பகுதி மங்கிப்போகும். பழகிய கண் அதைப் பார்த்தே கழிவு சொல்லிவிடும்.

பழகிய கண் இல்லாதவர் என்ன செய்வது? 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் வெடிமருந்து நிர்வாகத்தை அரசே எடுத்துக்கொண்டது. 1775-இல் அமைந்த அந்த நிர்வாகத்தில் புகழ்பெற்ற வேதியியலாளர் லவாசியேயும் ஒருவர். அந்தத் துறையில் பணியாற்றிய ரிஃபோவின் பெயரால் அறியப்படும் முறை, எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்தது. எடைபோட்ட சரக்கை வெறும் தண்ணீரில் கழுவினால் வெடியுப்பும் கரைந்து போய்விடும். அதனால், சுத்தமான வெடியுப்பை இனி ஒரு துளிகூடக் கரையாது என்ற அளவுக்கு ஏற்கெனவே கரைத்து வைத்த நீரில் கழுவினார்கள். பெண்கள் இருக்கையெல்லாம் நிரம்பி, ஆண்கள் இருக்கை காலியாக இருக்கும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெடியுப்புக்கு அந்த நீரில் இடமில்லை. கறியுப்புக்கு நிறைய இடம் இருக்கிறது. கழுவிய பின் வடிகட்டி, உலர்த்தி, மறுபடி எடை போட்டால் குறைந்த எடைதான் அழுக்கு. ஆள் மாறினாலும் விடை மாறாது.

அறை வெப்பம் மாறாமல் இருந்தால். முன்பு சொன்ன கணக்கு இங்கே காலை வாரிவிடும். 20 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் 100 கிராம் நீர் இன்னும் ஒரு கிராமுக்கு மேல் வெடியுப்பை விழுங்கும். காலையில் தயாரித்த கரைசலால் மதியம் கழுவினால் நல்ல வெடியுப்பும் அழுக்குக் கணக்கில் போய்விடும். அறை குளிர்ந்தாலோ, நீரிலிருந்த வெடியுப்பு சரக்கின் மேலேயே படிந்து, அழுக்கான மூட்டைக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும். எனவே இந்தச் சோதனையில் தராசு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வெப்பமானி.

கடைசியாக ஒரு சிக்கல். இவற்றில் பல சோதனைகளை ஏமாற்றிவிடக்கூடிய இரட்டைச் சகோதரன் ஒன்று இருக்கிறது, சோடியம் நைட்ரேட். கங்கில் போட்டால் அதுவும் சீறி எரியும். படபட சத்தம் பெரிதாக வராது. வெள்ளிக் கரைசலில் கலங்காது, நாக்கில் ஜில்லென்றும் இருக்கும். படிகம் மட்டும் தூணாக இல்லாமல் கனசதுரம் போலத் தெரியும் என்பதால் 'கனசதுர வெடியுப்பு' என்று அழைத்தார்கள். பெர்லினில் வேதியியலாளர் ஆண்ட்ரியாஸ் மார்க்கிராஃப் 1750-களின் கடைசியில் இரண்டையும் எரித்து நிறத்தைப் பார்த்தார். கனசதுர வெடியுப்பின் சுடர் மஞ்சள், சாதாரண வெடியுப்பின் சுடர் ஊதா சாய்ந்த நீலம். 19-ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவின் அட்டகாமா பாலைவனத்திலிருந்து இந்தச் சோடியம் நைட்ரேட் கப்பல் கப்பலாக, மலிவாக வந்து இறங்கியபோது, அதை அப்படியே வெடிமருந்தில் போட முடியவில்லை. காற்றின் ஈரப்பதம் 74 சதவீதத்தை எட்டினாலே அது நீர்க்கத் தொடங்கிவிடும். சுடரின் நிறத்தைப் பார்க்க மார்க்கிராஃப் இல்லாத கிடங்கிலும், மூட்டைக்குள் கையை விட்டவருக்கு அது தெரிந்திருக்கும்.